ஒரே பல்லை நாலாம் தரமும் அடைப்பதா?

துணுக்காய்ப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 39. வீட்டிலேயே தையல் மெசின் வைத்து உடுப்புத் தைத்துக் கொடுக்கிறார். கடிதம் நீளம், ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வலது பக்கக் கீழ்க் கொடுப்புப் பல் ஒன்றில், 24 வயதில், அரசாங்க வைத்தியசாலையில் வெள்ளி நிற அடைப்பு வைத்தார்கள். 11 வருடம் ஒரு கரைச்சலும் இல்லை. ஒருநாள் புழுக்கொடியல் கடிக்கும்போது ஓரத்தில் ஒரு சில்லுக் கழன்றது. நகரத்துத் தனியார் கிளினிக் ஒன்றில் "இந்தக் கறுப்பை எடுத்துப்போட்டு வெள்ளை வைப்பம்" என்று முழுவதையும் தோண்டி, பல் நிறத்தில் அடைத்தார்கள். அன்றிலிருந்தே அந்த இடத்தில் சாப்பாடு செருகத் தொடங்கியது. இரண்டு வருடத்தில் அடைப்பு விழுந்தது. நோ இல்லாததால் ஏறக்குறைய ஒரு வருடம் அப்படியே விட்டுவிட்டார். பிறகு கூசத் தொடங்க, வேறொரு இடத்தில் கிராம்பு மணக்கிற வெள்ளை அடைப்பு ஒன்றை வைத்தார்கள். அது நாலு மாதம். இப்போது குளிர்த் தண்ணீர் பட்டால் சுரீரென்று கூசி ஐந்தாறு வினாடியில் அடங்கிவிடுகிறது. இரவில் நோ இல்லை. கடைசியாகப் பார்த்தவர் வேர்ச்சிகிச்சை (பல்லுக்குள் இருக்கிற நரம்பை எடுத்து வேரை அடைப்பது) செய்து, உறை (பல்லை மூடும் தொப்பி) போடவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கேட்ட தொகை இவரால் முடியாதது.

யோசனை சொல்ல ஆட்கள் குறைவில்லை. பக்கத்து வீட்டு அக்கா: "ஒருக்கா விழுந்த பல்லில இனி அடைப்பு நிக்காது, பிடுங்கி எறி." பிரான்சிலிருக்கும் அண்ணா: "வெள்ளி அடைப்பு முழுக்கப் பாதரசம். இங்க தடை செய்திட்டாங்கள். இடப் பக்கத்தில இருக்கிற ரெண்டையும் உடன எடுப்பி." சகோதரி கேட்பவை மூன்று. தன்னை யாரும் ஏமாற்றினார்களா? திரும்ப அடைப்பதா, பிடுங்குவதா? 11 வயது மகனின் கொடுப்புப் பல்லிலும் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது, எப்படியும் விழப்போகிற அடைப்பை, அதுவும் பால் பல்லில், ஏன் வைக்கவேண்டும்?

சகோதரி, "அடைப்பு விழுந்தது" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நடந்தது மூன்றும் ஒன்றல்ல. முதல் தரம் உடைந்தது பெரும்பாலும் உங்கள் பல்லின் சுவர். இரண்டாம் தரம் ஒட்டு விட்டுப்போனது. மூன்றாம் தரம், சில மாதம் நிற்பதற்கென்றே வைத்த ஒன்று தன் தவணை முடிந்து போனது. ஏன் போனது என்று பிரித்துப் பார்க்காமல் நாலாவதை வைத்தால் அதுவும் போகும்.

வெள்ளி அடைப்பிலிருந்து தொடங்குவோம். வெள்ளி, தகரம், செம்பு கலந்த தூளைப் பாதரசத்தில் குழைத்து வைப்பது அது. எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். பல்லோடு அது ஒட்டாது. வாய் ஒடுங்கி வயிறு அகன்ற குடத்தைப்போலக் குழியை வெட்டி, உள்ளே அழுத்தி இறுக்குவார்கள்; இறுகியபின் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். கொஞ்சம் ஈரம் பட்டாலும் பொறுத்துக்கொள்ளும். நாக்கும் உமிழ்நீரும் முட்டுகிற கீழ்க் கொடுப்பில் அது பத்து, பதினைந்து வருடம் நிற்பதன் இரகசியம் இதுதான். ஆனால் குடம் வெட்டினால் சுவர் மெலியும். கொடுப்புப் பல்லின் முன்விளிம்பு, நடு, பின்விளிம்பு மூன்றையும் சேர்த்து வெட்டினால், ஆய்வுகூட அளவீட்டில் அந்தப் பல்லின் விறைப்பு பாதிக்கும் மேல் குறைந்துவிடுகிறது. அந்தச் சுவரில் 11 வருடம் கடித்தபின் காய்ந்த புழுக்கொடியல் அகப்பட்டால் சில்லுக் கழரத்தான் செய்யும்.

என் கருத்தில், உங்கள் பல்லுக்கு வந்த முதல் சேதம் அந்தச் சில்லு அல்ல, அதற்குப் பிறகு வந்த முடிவு. மிச்ச அடைப்பு உறுதியாக இருந்து, கீழே சூத்தையும் இல்லையென்றால், கழன்ற மூலையை மட்டும் கட்டியிருக்கலாம். ஓட்டு வீட்டில் ஒரு ஓடு உடைந்தால் கூரையையே பிரிக்கமாட்டோம் அல்லவா? ஒவ்வொரு தரமும் முழு அடைப்பையும் தோண்டும்போது நல்ல பல்லிலும் கொஞ்சம் போகிறது. குழி பெருக்கிறது, சுவர் மெலிகிறது, அடுத்த அடைப்பு முந்தினதை விடப் பெரிது, ஆயுளோ குறைவு. ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிந்தாலே "உள்ளுக்குப் பழுது" என்று தோண்டுவதும் இதே பிழை. கறை வேறு, சூத்தை வேறு.

வெள்ளை அடைப்புக்கு வருவோம். அது கெட்ட பொருள் அல்ல. கெட்டியாகப் பிடிக்கும், குடம் வெட்டவும் தேவையில்லை. ஆனால் வைப்பவரின் கையையும் நேரத்தையும் முழுதாகக் கேட்கும். பல்லைப் பஞ்சாலோ இறப்பர்த் திரையாலோ ஈரம் படாமல் பிரிக்கவேண்டும். 37 வீதப் பொஸ்போரிக் அமிலத்தை ஏறக்குறைய 15 வினாடி வைத்துக் கழுவ வேண்டும். பிறகு ஒட்டுத் திரவம், அதற்கு விளக்கு. அதன்மேல் பல் நிறப் பசையை 2 மில்லிமீற்றர் தடிப்புக்கு மேற்படாத படைகளாக வைத்து, ஒவ்வொரு படையையும் நீல விளக்கால் 20 வினாடியளவு இறுக்க வேண்டும். இறுகும்போது பசை கனவளவில் நூற்றுக்கு 2, 3 சுருங்கும். ஒரேயடியாகத் தடிப்பாக வைத்தால் அந்தச் சுருக்கம் ஓரத்தைப் பல்லிலிருந்து பிய்த்துவிடும்; அடிப்பாகமும் வேகாத சோறுபோல இறுகாமல் கிடக்கும். அமிலம் கழுவியபின் ஒரு துளி உமிழ்நீரோ இரத்தமோ பட்டால், அந்த இடத்தைத் திரும்பவும் முதலிலிருந்து செய்யவேண்டும். இப்படிச் செய்தால் பெரிய கொடுப்புப் பல் ஒன்றுக்கு முக்கால் மணித்தியாலம் போவது சாதாரணம். "பத்து நிமிசத்தில முடிச்சிட்டார், கெட்டிக்காரன்" என்று இந்த ஒரு வேலையில் மட்டும் புகழவேண்டாம்.

சாப்பாடு அன்றிலிருந்தே செருகியது என்று எழுதியிருக்கிறீர்கள். முழுக் கடிதத்திலும் எனக்கு மிகவும் உதவிய வரி அதுதான். இரண்டு பல்லுக்கு நடுவே அடைக்கும்போது மெல்லிய உலோகப் பட்டி ஒன்றைப் பல்லைச் சுற்றிக் கட்டி, அடியில் சிறிய ஆப்பு ஒன்றைச் செருகுவார்கள். பட்டி, அடைப்புக்குப் பக்கத்துப் பல்லை முட்டும் வடிவத்தைக் கொடுக்கும். ஆப்பு, அடியில் பசை பிதுங்காமல் காக்கும். அது சரியாக அமையாவிட்டால் இடையில் ஒரு வெளி விழும். முருங்கைக்கீரை, இறைச்சி நார், கச்சான் துண்டு எல்லாம் அதில் குடியிருக்கும். அதற்கு நேர் கீழே, முரசுக்குக் கிட்டே, மிளிரி (பல்லின் கடினமான வெளிப்படை) இல்லாத இடத்தில் ஒட்டு ஏற்கெனவே பலவீனம். ஈர்க்கால் குத்திக் குத்தி முரசும் புண்ணாகும். புதுச் சூத்தை அங்கே தொடங்கி அடைப்பின் அடியை அரிக்கும். இரண்டு வருடம் அதற்குத் தாராளம். புது அடைப்பு வைத்து ஒரு கிழமைக்குள் சாப்பாடு செருகினாலோ, கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முந்தி முட்டினாலோ, பழகிவிடும் என்று இருக்காமல் உடனே திரும்பிப்போய்த் திருத்தக் கேளுங்கள்.

மூன்றாவது, கிராம்பு மணம். அது நாகவொட்சைட்டு (சிங்க் ஒக்சைட்) என்ற வெள்ளைத் தூளைக் கிராம்பெண்ணெயில் குழைத்த தற்காலிக அடைப்பு. ஆழமான குழியில் கூசுகிற நரம்பை அமைதிப்படுத்தவும், சில கிழமைகளோ மாதங்களோ பொறுத்துப் பார்க்கவும் வைப்பார்கள். அந்த நேரத்தில் உங்கள் பல்லுக்கு அது பொருத்தமான வைத்தியமாகவே இருந்திருக்கலாம். பிழை பொருளில் இல்லை. "இது தற்காலிகம், இத்தனையாம் திகதிக்கு வரவேண்டும்" என்று உங்கள் கிளினிக் கொப்பியில் எழுதித் தராததுதான் பிழை. ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். விளக்கவில்லை என்று சொல்வேன். இன்னொன்று: அந்த எண்ணெய், மேலே நேரடியாக வைக்கும் வெள்ளைப் பசையைச் சரியாக இறுகவிடாது. ஆகவே அடுத்த வைத்தியரிடம் "முந்தி வைத்தது கிராம்பு மணந்தது" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் பக்கத்திலும் இரண்டு விடயம் இருக்கிறது. தைக்கும்போது பக்கத்தில் பிளேன்ரீயும் பனங்கட்டியும் இருக்கும், ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம் என்று எழுதி, "சீனி தொடுவதில்லை" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். பனங்கட்டி சீனியை விட நல்லது என்ற பேச்சு எதற்குப் பொருந்தினாலும் பல்லுக்குப் பொருந்தாது. பல்லை அரிக்கிற கிருமிக்கு இரண்டும் ஒரே இனிப்புத்தான். ஒவ்வொரு மிடறும் வாயில் அமிலத்தை ஏற்றும். அது இறங்க அரை மணித்தியாலமளவு வேண்டும். பனங்கட்டியை ஒரு கொடுப்பில் ஒதுக்கிக்கொண்டு ஒரு மணித்தியாலம் உறிஞ்சினால் அமிலம் இறங்கவே இறங்காது. நீங்கள் ஒதுக்குவது எந்தக் கொடுப்பில் என்று இன்று கவனித்துப் பாருங்கள். இனிப்பு ரீயைச் சாப்பாட்டோடு இரண்டு நேரமாகக் குறையுங்கள், மற்ற நேரம் வெறும் ரீ. இரவு படுக்குமுன் 1000 முதல் 1500 பிபிஎம் (ppm) புளோரைட் உள்ள பற்பசையால் மினுக்கித் துப்பிவிடுங்கள், தண்ணீரால் கொப்பளிக்க வேண்டாம். உமிக்கரியை விட்டுவிடுங்கள், அது தேய்க்கும், காக்காது.

மற்றது, சிறுவயதில் செட்டிகுளம் பக்கம் வளர்ந்ததாகவும் முன்பல்லில் மண்ணிறக் கோடுகள் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வவுனியா மாவட்டத்தின் பல கிணறுகளில் இயற்கையாகவே புளோரைட் அதிகம். பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீர் குடித்தால் இப்படிக் கறை படியும். கறை கடுமையாக இருந்தால் அந்த மிளிரியில் அமிலம் சரியாகப் பிடிக்காது, வெள்ளை அடைப்பின் ஒட்டும் பலவீனமாகும். வைத்தியருக்குத் தெரிந்தால் மேற்பரப்பை இலேசாக உரஞ்சியோ அமிலத்தைக் கூட நேரம் வைத்தோ சமாளிப்பார்.

நரம்பு தப்புமா?

குளிர் பட்டுக் கூசி ஐந்தாறு வினாடியில் அடங்குகிறது, தானாக நோகவில்லை, இரவில் எழுப்பவில்லை. இவை நரம்பு உயிரோடு இருக்கிறது, தப்பக்கூடும் என்பதற்கான அடையாளங்கள். கூச்சம் அரை நிமிடத்துக்கு மேல் நின்றால், சூட்டுக்கு நொந்து குளிருக்கு ஆறினால், படுத்தால் விண் விண் என்று தெறித்தால் நிலைமை வேறு. அப்போது வேர்ச்சிகிச்சையோ பிடுங்குவதோதான். கடித்துவிட்டு விடும்போது மின்னலடித்தாற்போல நொந்தால் பல்லில் வெடிப்பு இருக்கலாம். அதையும் சொல்லுங்கள்.

அதற்காகக் கடைசியாகப் பார்த்தவர் பிழையாகச் சொன்னார் என்று முடிவுகட்ட வேண்டாம். எக்ஸ்ரேயில் அவர் கண்டது எனக்குத் தெரியாது, கடிதத்திலிருந்து பல்லைப் பார்க்கவும் முடியாது. ஆனால் "ஏன் வேர்ச்சிகிச்சை? நரம்பைச் சோதித்தீர்களா? எக்ஸ்ரேயைக் காட்டுவீர்களா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உறை ஏன் என்பதற்கும் காரணம் இருக்கிறது: வேர்ச்சிகிச்சை செய்த கொடுப்புப் பல்லை மெலிந்த சுவரோடு விட்டால் நடுவே பிளந்துவிடக்கூடும், பிளந்தால் பிடுங்கத்தான் வேண்டிவரும்.

உங்களுக்கு இருக்கிற வழிகள்

நரம்பு நன்றாக இருந்தால் நான் முதலில் பார்ப்பது, பலவீனமான சுவர்களின் முனையைக் குறைந்தது 2 மில்லிமீற்றர் குறைத்து, அடைப்பாலேயே அவற்றை மூடிக் கட்டுவதை. வெள்ளியாலும் செய்யலாம், வெள்ளையாலும் செய்யலாம். உறையின் வேலையில் பெரும்பகுதியை அது குறைந்த செலவில் செய்யும். குழி நரம்புக்கு மிகக் கிட்டே போயிருந்தால், ஆழத்திலுள்ள கடைசி மெல்லிய, மென்மையான சூத்தைப் படையைச் சுரண்டாமல் மூடிவிடுவார்கள். அது கவனக்குறைவு அல்ல. நரம்பைத் திறக்காமல் காக்கிற முறை. முரசுக்குக் கீழே இறங்கியிருந்தால் அடியில் கிளாஸ் அயனோமர் சிமெந்து வைத்து மேலே வெள்ளைப் பசை வைப்பதுண்டு. சிமெந்து பல்லோடு தானாக ஒட்டும், புளோரைட்டும் கசியும். ஆனால் பெரிய குழியில் தனியே வைத்தால் தேய்ந்து உடையும். "வெள்ளை" என்று சொன்னால் எந்த வெள்ளை என்று கேட்பது இதனால்தான். கிராம்பு மணந்தது, சிமெந்து, பசை மூன்றுமே வெள்ளை, மூன்றின் ஆயுளும் வேறு வேறு.

அரசாங்க வைத்தியசாலையில் அடைப்பும் பிடுங்குவதும் இலவசம். உங்களுக்குக் கிட்டே இருப்பது மல்லாவி ஆதார வைத்தியசாலை. முதலில் அங்கே காட்டுங்கள். வேர்ச்சிகிச்சைதான் வேண்டுமென்றால் எங்கே அனுப்பலாம் என்று கேட்டுக் கடிதம் எடுங்கள். காத்திருக்க வேண்டிவரும். அதுவரை தாங்கக்கூடிய தற்காலிக அடைப்பைக் கேளுங்கள், திகதியைக் கொப்பியில் எழுதுவியுங்கள்.

பிடுங்குவது தோல்வி அல்ல. சுவர் முரசுக்குக் கீழே பிளந்திருந்தால் அதுதான் நேர்மையான வைத்தியம். ஆனால் அக்கா சொன்ன காரணம் பிழை. ஒருதரம் விழுந்ததற்காக ஒரு பல் அடைப்பை ஏற்காமல் போகாது. கீழ்க் கொடுப்பில் இந்தப் பல் போனால் பின்னால் உள்ளது முன்சாயும், மேலேயுள்ளது இறங்கும், அவற்றிலும் சாப்பாடு செருகும். பிறகு கட்டுப்பல் செலவு வரும்.

போகும்வரை மற்றப் பக்கத்தால் சப்புங்கள், சாப்பிட்டதும் உப்புத் தண்ணீரால் கொப்பளியுங்கள், குழியையும் மென்மையாக மினுக்குங்கள். சுப்பர் குளூ, பற்றரிக் கரி, முரசில் வைக்கிற அஸ்பிரின் எதுவும் வேண்டாம்; அஸ்பிரின் முரசைச் சுடும். கூச்சத்துக்குப் பாமசியில் அன்ரிபயோட்டிக் வாங்கிக் குடிப்பதால் பயனில்லை. தாடை வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமென்றால் அது வேறு கதை. கிளினிக் நாள் பார்க்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும், இரவென்றாலும்.

பற்றுச்சீட்டும் பதிவும்

எந்த அடைப்புக்கும் ஆயுள் உத்தரவாதம் இல்லை. விழுந்தது என்பதற்காக மட்டும் நட்டஈடு கேட்க முடியாது. கேட்கக்கூடியவை வேறு: வைத்தது என்ன பொருள், ஏன் அது, தற்காலிகமா நிரந்தரமா, எவ்வளவு காலத்துக்குள் விழுந்தால் இலவசமாகத் திருத்துவார்கள். பற்றுச்சீட்டில் இதை எழுதித் தரச் சொல்லுங்கள். பல் வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்திருக்க வேண்டும். தனியார் கிளினிக் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிந்திருக்க வேண்டும். பதிவு இலக்கம் கேட்பது மரியாதைக்குறைவு அல்ல. உங்கள் விடயத்தில் முறைப்பாட்டுக்குப் போகுமுன், இரண்டு இடத்திலும் போய் உங்கள் குறிப்பையும் எக்ஸ்ரேயையும் கேட்டு எடுங்கள். அவை அடுத்த வைத்தியருக்கும் வேண்டும்.

அண்ணாவின் பாதரசம்

அண்ணா சொன்ன தடை உண்மை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், தவிர்க்கமுடியாத மருத்துவத் தேவை தவிர, புதிதாக வெள்ளி அடைப்பு வைப்பதை நிறுத்தியது. முதற்காரணம் சூழல்: பாதரசம் தண்ணீரிலும் மீனிலும் சேர்வது. பாதரசப் பாவனையைக் குறைப்பதற்காக 2013இல் நாடுகள் ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கையின் நோக்கமும் மனிதரையும் சூழலையும் அதிலிருந்து காப்பதே. ஆனால் வாயிலிருக்கும் நல்ல அடைப்பைத் தோண்டி எடுக்கச் சொல்லி அந்தத் தடை சொல்லவில்லை. தோண்டும்போதுதான் பாதரச ஆவி கூட வெளிவரும். நல்ல பல்லும் போகும். கர்ப்பமாக இருந்தால் இந்த வேலையை அவசரமில்லாமல் தொடவே கூடாது. இடப் பக்கத்து இரண்டும் நோகவில்லை, உடையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வலப் பக்கத்தில் நடந்ததை இடப் பக்கத்திலும் நடத்த வேண்டாம்.

மகனின் பல்

இதில்தான் எனக்கு அவசரம். 11 வயதுப் பிள்ளையின் கொடுப்பில் ஆகப் பின்னால் இருப்பது பால் பல் அல்ல. அது ஆறு வயதளவில், எந்தப் பல்லும் விழாமலே, பின்னால் புதிதாக முளைக்கிற நிரந்தரப் பல். சத்தமில்லாமல் வருவதால் பெற்றோர் அதையும் விழப்போகிற பல் என்று நினைத்துவிடுகிறார்கள். உங்களுக்கு 24 வயதில் அடைத்ததும் பெரும்பாலும் இதே பல்தான். அவனுடைய புள்ளி பள்ளத்துக் கறையாகவே இருக்கலாம். அப்படியென்றால் பள்ளத்தை மெல்லிய படையால் மூடிவிட்டாலே போதும், தோண்டத் தேவையில்லை. சூத்தை தொடங்கியிருந்தாலும் இப்போது அரிசியளவு குழி. சின்னக் குழியில் வைத்த அடைப்பைச் சுற்றித் தடித்த சுவர் இருக்கும். அதனால்தான் அது நெடுநாள் நிற்கும். அவனுடைய பாடசாலைக்குப் பற்சிகிச்சையாளர் வருகிறாரா என்று வகுப்பாசிரியரைக் கேளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் மல்லாவிக்குப் போகும் அன்றே கூட்டிப்போய், அவனுக்கும் ஒரு இலக்கத் துண்டு எடுங்கள். 12 வயதளவில் அதற்குப் பின்னால் இன்னொரு கொடுப்புப் பல் முளைக்கும். அதன் பள்ளங்களையும் முளைத்த கையோடு பார்க்கச் சொல்லுங்கள்.